வயிற்றைப் பிசையும் பிடிப்புக்கும் காலைக் கொளுத்தும் பிடிப்புக்கும் ஒரே குளிகையா?

தக்கலைப் பக்கம் ஒரு மெடிக்கலில் 22 வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். காலையில் ரப்பர் வெட்டி, பாலெடுத்து ஊற்றிவிட்டு, விரலிடுக்கில் பால் காய்ந்து ஒட்டியபடி வரும் ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார்:

“மக்ளே, அந்த வயித்துவலிக் குளிய ஒரு நாலு தா.”

“யாருக்கு பாட்டா வயித்துவலி?”

“வயித்துவலி யாருக்கு? எனக்குக் காலாக்கும் கொளுத்திப் பிடிக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டிரும்.”

“அது வயித்துக்குள்ளதாக்கும் பாட்டா. காலுக்குக் கேக்காது.”

“பின்ன அண்ணைக்குக் குடிச்சப்போ அஞ்சு நிமிசத்துல விட்டுதே?”

அன்றைக்கு அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நேரமில்லை. பின்னால் நாலு பேர் சீட்டோடு நின்றார்கள். ஆனால் அதே கேள்வி வேறு வேறு உருவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. மாதவிடாய் நாளில் சுருண்டு படுக்கும் மகளுக்கு இரண்டு மாத்திரையில் எது நல்லது என்று கேட்ட ஒரு தாய். தேங்காப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் எந்த அட்டையைக் கொண்டுபோவது என்று கேட்டவர். பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி இறுகிப்போன அப்பாவுக்கு எழுதிய மருந்து அவரை நாள் முழுக்கத் தூங்க வைக்கிறதே, நிறுத்தலாமா என்று கேட்ட மகன். எல்லோரும் “எது நல்லது” என்றே கேட்கிறார்கள். எந்தத் தசைக்கு என்று யாரும் கேட்பதில்லை. அது தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## தூது ஒன்று, பூட்டு இரண்டு

நம் பேச்சில் எல்லாமே பிடிப்புதான். வயிறு முறுக்குவதும் பிடிப்பு, ஆடுசதை கல்லாக இறுகுவதும் பிடிப்பு, குனிந்தவர் நிமிர முடியாமல் நிற்பதும் பிடிப்பு. உடம்புக்குள் இவை இரண்டு வேறு குடும்பங்கள்.

குடல், பித்தப்பை, சிறுநீர்க்குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவரில் இருப்பது மென்தசை. அது நம் சொல் கேட்டு ஒருநாளும் அசைவதில்லை; அதன் வேலை நமக்குத் தெரியாமல் நடக்கிறது. வேகம் மிஞ்சினால் மட்டும் வலியாகத் தெரிகிறது. கால், முதுகு, கழுத்து, இமை இவற்றில் இருப்பது எலும்புத்தசை. நாம் சொன்னால் அசையும். சொல்லாமலே இறுகும்போது வலிக்கிறது.

இரண்டு தசைக்கும் “சுருங்கு” என்று நரம்பு அனுப்பும் தூது ஒன்றே: அசிட்டைல்கோலின். ஆனால் அந்தத் தூது வந்து திறக்கும் பூட்டு வேறு. குடல் தசையில் இருப்பது மஸ்கரினிக் ஏற்பி, கால் தசையில் இருப்பது நிகோட்டினிக் ஏற்பி. கடையில் ‘ஆன்டிஸ்பாஸ்மோடிக்’, அதாவது இசிவு நீக்கி, என்று கேட்டால் நாங்கள் எடுத்துத் தரும் டைசைக்ளோமின் முதல் பூட்டின் துவாரத்தை அடைக்கிறது. மற்றதை அது சீண்டுவதில்லை. வயிற்றுவலிக் குளிகை காலுக்குக் கேட்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை எங்கள் ஊர் வேலியோரத்திலேயே காட்டலாம். ஊமத்தையில் அட்ரோபினும் ஹையோசினும் இருக்கின்றன; மஸ்கரினிக் பூட்டை அடைக்கும் மருந்துக் குடும்பத்தின் மூதாதைகள் அவை. ஊமத்தங்காய் தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றல் வருவதும் அதே அடைப்பின் மிகையால்தான். கார்த்திகை மாதத்தில் பூக்கும் செங்காந்தள், நம் மாநில மலர், மற்றக் குடும்பத்துக்கு மருந்து தருகிறது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கொல்சிகோசைடை மாற்றியமைத்துத்தான் முதுகுப் பிடிப்புக்கு எழுதும் தையோகொல்சிகோசைடைச் செய்கிறார்கள். இரண்டு செடியும் விஷம். செங்காந்தள் கிழங்கைக் கிழங்கென்று வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. எனவே “மூலிகைதானே” என்று வேலியில் கைவைக்க வேண்டாம்.

சரி, பாட்டாவுக்கு அஞ்சு நிமிசத்தில் எப்படி விட்டது? இரவில் வரும் ஆடுசதைப் பிடிப்பு பெரும்பாலும் சில வினாடியிலிருந்து சில நிமிடத்துக்குள் தானாகவே விட்டுவிடும். அந்த நேரத்தில் மாத்திரை வயிற்றில் கரைந்துகூட முடிந்திருக்காது. தானாகப் போகும் வலிக்கு எதைக் கொடுத்தாலும் கேட்டதுபோலத் தெரியும். தலையணைக்கடியில் சோப்பு வைப்பவர்களும் இதே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

தசை எது என்று தெரிந்தபின் நான் பார்ப்பது நாலைந்து விஷயம்.

பிடிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? அலை அலையாக மணிக்கணக்கில் வரும் வலிக்கு மாத்திரை பயன்படும். மூன்று நிமிடத்தில் போகும் வலிக்கு மாத்திரை ஓடிப்பிடிக்க முடியாது. அடுத்து, உங்கள் வேலை என்ன? பனையேறுகிறவருக்கும், உயரத்தில் நின்று தேங்காய் வெட்டுகிறவருக்கும், பின்சீட்டில் பிள்ளையை வைத்து ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கும் தலைசுற்றல் என்ற ‘சிறு பக்கவிளைவு’ சிறியதல்ல. உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், சிறுநீரகக் குறை, ஆஸ்துமா, வயிற்றுப்புண், கர்ப்பம். நிறுத்த நினைத்தால் உடனே நிறுத்த முடியுமா? கடைசியாக, அட்டையில் எத்தனை மருந்து கலந்திருக்கிறது?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் இசிவு நீக்கிகள் தனியாக விற்பதைவிட வலிமருந்தோடு கூட்டாக விற்பதே அதிகம். டைசைக்ளோமினோடு பாராசிட்டமால், டைசைக்ளோமினோடு மெஃபெனமிக் அமிலம், ட்ரோட்டாவெரினோடு மெஃபெனமிக் அமிலம், தையோகொல்சிகோசைடோடு அசிக்ளோஃபெனாக். காய்ச்சலுக்கு ஏற்கெனவே பாராசிட்டமால் விழுங்கியவர், பாராசிட்டமால் கலந்த வயிற்றுவலி மாத்திரையை மேலே போட்டால் அளவு இரட்டிக்கிறது. அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். கண் தெரியாவிட்டால் எங்களிடம் நீட்டுங்கள். அதற்குத்தான் நிற்கிறோம்.

| மருந்து | எந்தத் தசை | எங்கே பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஆகாது |
|---|---|---|---|---|
| டைசைக்ளோமின் | மென்தசை | குடல் முறுக்கி வரும் வலி | வாய் உலர்தல், மங்கிய பார்வை, மலச்சிக்கல், வியர்வை குறைவு | கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை, பாலூட்டும் தாய் |
| ஹையோசின் பியூட்டைல்புரோமைடு | மென்தசை | குடல், பித்தப்பை வலி | ஊசியாகப் போட்டால் இதயம் படபடக்கும் | கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, இதய நோயாளிக்கு ஊசி |
| ட்ரோட்டாவெரின் | மென்தசை | வயிற்று வலி, பித்தப்பை வலி | தலைசுற்றல், இரத்த அழுத்தம் இறங்குதல் | கடுமையான ஈரல், சிறுநீரக, இதயக் குறை |
| மெபெவெரின் | மென்தசை | நாள்பட்ட குடல் எரிச்சல் நோய் | நேரம் தவறாமல் பல வாரம் எடுக்க வேண்டும் | குடல் அசைவே நின்றுபோனவர் |
| மெஃபெனமிக் அமிலம் | தசை அல்ல, வலியைத் தூண்டும் பொருள் | மாதவிடாய் வலி | வயிற்றுப்புண், அரிதாகக் கடும் ஒவ்வாமை | ஆஸ்பிரினால் ஆஸ்துமா வருபவர், புண், சிறுநீரகக் குறை |
| தையோகொல்சிகோசைடு | எலும்புத்தசை | திடீர் முதுகுப் பிடிப்பு | 7 நாளைத் தாண்டக்கூடாது | கர்ப்பிணி, பாலூட்டுபவர், வலிப்பு நோயாளி |
| டைசானிடின் | எலும்புத்தசை | தசை விறைப்பு | தூக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல் | சிப்ரோஃப்ளாக்சசின் எடுப்பவர், ஈரல் குறை |
| பேக்லோஃபென் | எலும்புத்தசை, தண்டுவடம் வழியாக | பக்கவாதம், தண்டுவட அடிக்குப் பின் விறைப்பு | தூக்கம். சட்டென நிறுத்தினால் ஆபத்து | சிறுநீரகக் குறையில் மிகுந்த கவனம் |

இவற்றில் பெரும்பாலானவை மருத்துவர் சீட்டுக்கு உரியவை. அட்டவணை உங்களை மருத்துவராக்காது. மருத்துவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று சொல்லித்தரும்.

## டைசைக்ளோமினா, ட்ரோட்டாவெரினா?

கவுண்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டும் குடலின் முறுக்கைத் தளர்த்துகின்றன; வழி வேறு.

டைசைக்ளோமின் பூட்டை அடைக்கிறது என்றேன். அந்தப் பூட்டு குடலில் மட்டும் இல்லை. எச்சில் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, கண்மணி, மூத்திரப்பை எல்லாவற்றிலும் இருக்கிறது. எனவே வயிறு தளரும்போது கூடவே வாய் உலர்கிறது, கிட்டப் பார்வை மங்குகிறது, மலம் இறுகுகிறது. புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகும் வயதானவருக்கு முழுதாக அடைத்துவிடவும் கூடும். வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிப் போனவர் மறுநாள் சிறுநீர்க் குழாய் போட ஆஸ்பத்திரிக்குப் போவார்.

வியர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி சித்திரையில் புத்தளம், சாமிதோப்புப் பக்கம் உப்பளத்தில் நிற்கிறவருக்கும், நடுக்கடலில் வெயிலில் வலை இழுக்கிறவருக்கும் உடம்பைக் குளிர்விப்பது வியர்வை ஒன்றுதான். அதைக் குறைக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் உடற்சூடு ஏறி மயங்கி விழலாம். மருந்தின் விவரக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ட்ரோட்டாவெரின் 1960களில் ஹங்கேரியில் உருவானது. அபினிச் செடியில் உள்ள பாப்பாவெரினின் தங்கை என்று சொல்லலாம். ஆனால் போதை இல்லை. இது பூட்டுப் பக்கமே போவதில்லை. தசை அணுவின் உள்ளே போய், சுருக்கத்தை நடத்தும் நொதியை மந்தப்படுத்தும் பொருளான சைக்ளிக் ஏஎம்பி வீணாகாமல் காக்கிறது. அதனால் வாய் உலர்வதும், மூத்திரம் அடைப்பதும், வியர்வை நிற்பதும் இதில் பிரச்சினையாவதில்லை. மாற்றாக, சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அந்த மருந்தின் பலனைக் குறைத்துவிடும்.

என் கணக்கு: 60 வயதைத் தாண்டிய ஆண், கண் அழுத்தம் உள்ளவர், வெயிலில் வேலை செய்பவர் என்றால் ட்ரோட்டாவெரின் பக்கம் சாய்வேன். ஏற்கெனவே இரத்த அழுத்தம் தாழ்வாக இருந்து எழுந்தால் தலைசுற்றும் ஆளுக்கு, மற்றத் தடை எதுவும் இல்லையென்றால், டைசைக்ளோமின். இளவயதில் வேறு தொந்தரவில்லாதவருக்கு இரண்டில் எதுவானாலும் பெரிய வேறுபாடு இல்லை. அதை வைத்து மருத்துவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

ஹையோசின் பியூட்டைல்புரோமைடு டைசைக்ளோமினின் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் மூளைக்குள் எளிதில் நுழையாது. வாயால் விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதும் கொஞ்சம்தான். வயதானவர்களுக்கு மந்தமும் குழப்பமும் குறைவு. ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும்போதுதான் இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தை அழுதால் வயிறு பிடித்திருக்கும் என்று சொட்டு மருந்து கேட்டு வருகிறார்கள். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு டைசைக்ளோமின் கூடவே கூடாது; மூச்சு நின்றுபோன குழந்தைகள் உண்டு. அட்டைப்பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால், முந்தைய பிள்ளைக்கு வாங்கி மிச்சம் வைத்ததாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

## வருடக்கணக்கில் வயிறு என்றால்

சாப்பிட்டதும் வயிறு பிசைந்து, கழிப்பறைக்குப் போனதும் ஓயும் வலி மாதக்கணக்கில் தொடர்ந்தால், சோதனைகளில் வேறெதுவும் தெரியாவிட்டால், மருத்துவர்கள் அதைக் குடல் எரிச்சல் நோய் என்பார்கள். இங்கே தேவைப்படும்போது போடும் மாத்திரையைவிட, ஒழுங்காகப் போடும் மெபெவெரின் பொருத்தம். 135 மி.கி. மூன்று வேளை, அல்லது மெதுவாகக் கரையும் 200 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு. சாப்பிட்ட பின் ஞாபகம் வந்து போட்டால் பாதி வேலைதான்.

புதினா எண்ணெய் அடைத்த கேப்சூல் இன்னொரு வழி. மெந்தால், தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலைக் குறுக்குகிறது. அதைக் கடித்துவிட்டால் குடலுக்குப் போகுமுன்பே இரைப்பையில் திறந்து நெஞ்செரிச்சல் வரும். முழுதாக விழுங்க வேண்டும். உலக மருத்துவர்களே இந்த விஷயத்தில் ஒருமனதாக இல்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2021ல் தங்கள் நாட்டில் கிடைக்கும் இசிவு நீக்கிகளை இந்த நோய்க்குப் பரிந்துரைக்க மறுத்து, புதினா எண்ணெயை ஆதரித்தது. இங்கிலாந்தில் அதே மருந்துக் குடும்பத்துக்கு இன்னும் இடம் கொடுக்கிறார்கள். இரண்டு மருத்துவர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓம வாட்டரும் சுக்குக் கருப்பட்டிக் காப்பியும் சேர்த்து எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு அவை இதம். ஆனால் எடை குறைந்தால், மலத்தில் இரத்தம் வந்தால், 50 வயதுக்குமேல் புதிதாக இந்த வலி தொடங்கினால் காப்பியும் வேண்டாம், கேப்சூலும் வேண்டாம், முதலில் பரிசோதனை.

## மகளுக்கு எது?

மாதவிடாய் வலியில் சுருங்குவது கருப்பை என்ற மென்தசை. அப்படியானால் டைசைக்ளோமின் கேட்க வேண்டுமே? அவ்வளவாகக் கேட்காது. இங்கே தசையைக் கிளறிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறு பொருள். அதன் உற்பத்தியையே தடுப்பவை மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரொஃபென் போன்ற மருந்துகள். கடையில் பெயர் சொல்லி வாங்கும் அந்தப் பிரபலக் கூட்டு மாத்திரையில் 250 மி.கி. மெஃபெனமிக் அமிலமும் 10 மி.கி. டைசைக்ளோமினும் இருக்கின்றன. வலியைக் குறைக்கும் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன்னது. மறுநாள் பரீட்சையில் கேள்வித்தாள் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் பின்னது.

அதனால் அந்தத் தாய்க்கு நான் சொன்னது: சாப்பாட்டுக்குப் பின், உதிரம் தொடங்கும்போதே, வலி உச்சத்துக்கு ஏறுமுன் வலிமருந்தை மட்டும் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். கூடவே வயிற்றுப்போக்கும் குடல் முறுக்கலும் இருந்தால் கூட்டு மாத்திரைக்கு அர்த்தம் உண்டு. இடுப்பில் வெந்நீர்ப் பை வைப்பது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. ஆய்வுகளிலும் தேறியிருக்கிறது, ஒரு பைசாவும் ஆகாது.

இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் மெஃபெனமிக் அமிலம் பற்றி ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விட்டது. அரிதாக, மருந்து எடுத்துச் சில வாரத்துக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல், உள்ளுறுப்புகளில் பாதிப்பு என்று ஒரு கடும் ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். செய்தி வந்த வாரம் கடையில் பெண்கள் பயந்துபோய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தடை இல்லை, கவனம் வேண்டும் என்பதே எச்சரிக்கை. மாத்திரைக்குப் பின் உடம்பு தடித்தால் நிறுத்தி, அட்டையோடு மருத்துவரிடம் போக வேண்டும். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

## முதுகுப் பிடிப்பு: மாத்திரையா, தடவலா?

முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைக்கும் அக்காமார் முதுகைப் பிடித்தபடி வருவார்கள். இங்கே எலும்புத்தசைக் குடும்பம். தையோகொல்சிகோசைடு, க்ளோர்சாக்சசோன், டைசானிடின் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வலிமருந்தோடு கலந்துதான் வரும்.

தையோகொல்சிகோசைடுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் கடிவாளம் போட்டது: மாத்திரை நாளொன்றுக்கு 16 மி.கி.க்கு மேல் கூடாது, 7 நாளுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிக்கும், கருத்தடை எதுவும் இல்லாமல் கருத்தரிக்க வாய்ப்புள்ளவருக்கும், 16 வயதுக்குட்பட்டவருக்கும் கூடாது. உடம்பில் இது உடைந்து உண்டாகும் ஒரு பொருள் அணுவின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்பதே காரணம். போன வருடச் சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குபவர்கள் இதைப் படித்து நிறுத்தினால் எனக்கு விற்பனை குறையும், பரவாயில்லை.

க்ளோர்சாக்சசோன் தூக்கம் தரும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் பயப்பட வேண்டும், அது ஈரல். டைசானிடினில் பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. மூத்திரக் கடுப்புக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கும்போது இதைச் சேர்த்தால், உடம்பால் டைசானிடினைச் சிதைக்க முடியாமல் இரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கும். இரண்டு மருத்துவரிடம் இரண்டு சீட்டு வாங்கியவருக்கு இது எளிதில் நேர்ந்துவிடும். இரண்டு சீட்டையும் ஒரே கடையில் காட்டுங்கள்.

தடவல் பற்றிக் கேட்காத கன்னியாகுமரிக்காரர் இல்லை. வர்ம ஆசான்கள் நிறைந்த மாவட்டம் இது. சாதாரணச் சுளுக்குக்கும் இறுக்கத்துக்கும் சூடான எண்ணெயும் பழகிய கையும் தசையைத் தளர்த்தும். தூக்கம் வராது, ஈரல் கெடாது. ஆனால் விழுந்து அடிபட்ட முதுகு, எலும்பு தேய்ந்த வயதானவர், இரத்தக் கட்டியோ என்று சந்தேகிக்கும்படி வீங்கிச் சூடாக இருக்கும் ஒரு பக்கக் கால், காலுக்குள் மரத்துப்போதல், மலம் மூத்திரம் தெரியாமல் போதல் இவையெல்லாம் தடவக்கூடாத இடங்கள். நல்ல ஆசான் இதைக் கேட்டபிறகே கைவைப்பார்.

## விறைத்த கைக்கு பேக்லோஃபென்

பக்கவாதத்துக்குப் பின் கை மடங்கி இறுகுவது பிடிப்பைப் போலத் தெரியும். ஆனால் கோளாறு தசையில் இல்லை. மூளையிலிருந்து வரும் கடிவாளம் அறுந்ததால் தண்டுவடம் தன்னிஷ்டத்துக்குச் சுருக்கச் சொல்கிறது. பேக்லோஃபென் அங்கே போய் அடக்குகிறது. 5 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

அந்த மகன் கேட்ட கேள்விக்குப் பதில்: தூங்குகிறாரே என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சட்டென நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல், கடும் காய்ச்சல் வரலாம். குறைப்பதையும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். அப்பாவுக்குச் சிறுநீரகக் குறை இருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். தூக்கத்துக்கு அதுதான் காரணமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: சிலர் அந்த விறைத்த காலையே தூணாக ஊன்றி நிற்கிறார்கள். விறைப்பை முழுதாகப் போக்கினால் கால் துவண்டு விழுவார்கள். எவ்வளவு தளர்த்துவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், கேட்டுப் பாருங்கள்.

ஒரு கை மட்டும், ஒரு இமை மட்டும் என்றால் போட்டுலினம் ஊசி சிறந்தது. அந்த இடத்தில் மட்டும் நரம்பு தூது விடாமல் தடுக்கும். உடம்பு முழுக்கத் தூக்கம் இல்லை. மூன்று நாலு மாதத்துக்கொருமுறை திரும்பப் போட வேண்டும், விலை அதிகம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் கேட்டுவிட்டு, தேவையென்றால் திருவனந்தபுரம் பஸ் ஏறலாம். எப்போதாவது இமை துடிப்பதற்கு இதெல்லாம் வேண்டாம். வலது இமையா இடதா என்று பலன் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு நாள் நன்றாகத் தூங்கிக் காப்பியைக் குறைத்தால் போதும்.

## கால் கொளுத்தினால்

இங்கே மாத்திரை தோற்கிறது. குவினைன் ஒருகாலத்தில் கொடுத்தார்கள். இரத்தத் தட்டணுக்களை அழித்து உயிருக்கே உலை வைக்கும் என்பதால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006லேயே கால் பிடிப்புக்கு அதை வேண்டாம் என்றது. மக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் கால் பிடிப்புக்குப் பெரிதாக உதவவில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன; வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரலாம்.

பிடித்தால் கால் விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள், அல்லது எழுந்து குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். படுக்குமுன் சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து ஆடுசதையை நீட்டுவது வருகையைக் குறைக்கிறது. வியர்த்து வேலை செய்தவர்கள் உப்பிட்ட கஞ்சித் தண்ணி குடிக்கலாம். காலையில் அக்கானி (பதநீர்) குடித்ததோடு தண்ணீர்க் கணக்கு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மூத்திரம் போகும் மாத்திரை எடுப்பவர், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் தங்கள் சீட்டை ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். நடக்கும்போது பிடித்து, நின்றால் விடும் வலி வேறு: அது கால் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி குடிப்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் இதைப் ‘பிடிப்பு’ என்று வருடக்கணக்கில் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

## போட்டின் மருந்துப் பெட்டியில்

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் போட்டுகள் வாரக்கணக்கில் கரை காணாமல் போகும். அங்கே சிறுநீரகக் கல் வலி வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்? இதற்கு இசிவு நீக்கியைவிட டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்தே முதல் தேர்வு. ஆனால் தண்ணீர் குடிக்காமல் வாடிய உடம்பில் அது சிறுநீரகத்தை அடிக்கும், தண்ணீரோடுதான். வெயிலில் வேலை என்பதால் பெட்டியில் டைசைக்ளோமினைவிட ட்ரோட்டாவெரின் பொருத்தம். கரையிலேயே மருத்துவரைப் பார்த்து, யாருக்கு எது ஆகாது என்று தமிழில் எழுதி மூடியில் ஒட்டிவிட வேண்டும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, காய்ச்சல், பலகைபோல் இறுகிய வயிறு: இரண்டாவது மாத்திரை போடாமல் கரைக்குத் தகவல் சொல்லுங்கள். குடல்வால் வீங்கியிருந்தால் மாத்திரை வலியை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

தூண்டில் கிழித்த காயத்துக்குச் சில நாள் கழித்து வாய் திறக்க வராமல் தாடை இறுகினால் அது பிடிப்பில்லை, டெட்டனஸ். எந்தக் கடைக்கும் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ மாத்திரை போட்டுச் சில மணியில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு, கண் மேலே செருகினால் அதுவும் அவசரம்தான், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு மோசமில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கே மஸ்கரினிக் பூட்டை அடைக்கும் ஊசியே கழுத்தை நேராக்கும். தசையில் இருக்கும் பூட்டில்லை, மூளைக்குள் இருப்பது. நான் மேலே கிழித்த கோட்டைத் தாண்டும் ஒரே இடம்.

பாட்டா மூன்று வாரம் கழித்து வந்தார். மருத்துவர் அவருடைய பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார். படுக்குமுன் திண்ணைத் தூணில் கைவைத்துக் காலை நீட்டுகிறாராம். பிடிப்பு வாரத்துக்கொருமுறையாகக் குறைந்திருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “இருந்தாலும் அந்தக் குளிய ரெண்டு தா மக்ளே, தலமாட்டுல கெடக்கட்டு.” தரவில்லை. கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்.